ஒளிக்கு ஒரு வரம்பு

உரைநடை உலகம்

நுழையும்முன்

மகிழுந்தின் முகப்பு விளக்கை நாள்தோறும் காண்கிறோம். அதனுள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இரவில் சாலையைக் காட்டுவது மட்டுமே அதன் பணி எனின், அதை அமைப்பது எளிது. எதிரே வருபவரின் கண் கூசாதவாறு சாலையைக் காட்டவேண்டும் என்னும் இரண்டாவது கடமையே அதனை அரியதொரு கருவியாக்குகிறது. தாமே மகிழுந்து கட்டும் கல்லூரி மாணவர்கள் இக்கடமையை எவ்வாறு நிறைவேற்றுகின்றனர் என்பதை இவ்வுரைநடை விளக்குகிறது.

பகற்போட்டியும் இரவு விளக்கும்

ஆஸ்திரேலியாவின் வடகரையில் உள்ள நகரம் டார்வின். தென்கரையில் உள்ளது அடிலெய்டு. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 3000 கி.மீ. நெடுஞ்சாலையில், சூரிய ஆற்றலால் ஓடும் ஊர்திகளுக்கான உலகப் போட்டி 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இதில் பங்கேற்போரில் மிகப்பலர் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் ஓட்டி வருவது கடையில் வாங்கிய ஊர்தியன்று. தாமே வரைந்து, தாமே கணக்கிட்டு, தாமே கட்டிய ஊர்தி.

தொடக்கக் காலத்து ஊர்திகள், மேசைப் பலகைக்குச் சக்கரம் பூட்டியதுபோலத் தட்டையாக இருந்தன. ஒருவர் மட்டுமே அதனுள் காலை நீட்டிச் சாய்ந்தபடி ஓட்டிச் செல்ல இயலும். பொருள் வைக்க இடமில்லை. துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொள்ளவும் இடமில்லை. இத்தகைய ஊர்தியால் நடைமுறை வாழ்வுக்கு என்ன பயன் என்னும் வினா எழுந்தது. அதற்கு விடையாக, ஒருவருக்கு மேற்பட்டோர் அமர்ந்து செல்லும் ஊர்திகளுக்கெனத் தனிப்பிரிவு 2013ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. அவ்வாண்டு அப்பிரிவில் முதலிடம் பெற்றது நெதர்லாந்து நாட்டின் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'ஸ்டெல்லா'. நால்வர் அமரத்தக்க அவ்வூர்தியின் எடை 400 கிலோவிற்கும் குறைவு. போட்டியில் வென்றதோடு அது நின்றுவிடவில்லை. பொதுச்சாலையில் ஓடுவதற்குரிய பதிவெண்ணையும் தன் நாட்டில் பெற்றது.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். அப்போட்டி காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு நிறுத்தப்படுவது. மறுநாள் காலை வரை ஊர்திகள் நின்ற இடத்திலேயே மாணவர்கள் கூடாரமிட்டுத் தங்குவர். எனவே, போட்டியை மட்டும் கருதினால் முகப்பு விளக்கே தேவையில்லை. ஆனால், சாலைக்குரிய ஊர்தி என்று பதிவு பெறவேண்டுமானால் விளக்கின்றி முடியாது. எரிபொருட் சிக்கனத்திற்கென நடத்தப்பெறும் ஷெல் எகோ மாரத்தான் போட்டியிலும், நகரச் சாலைக்குரிய ஊர்திப் பிரிவில் முகப்பு விளக்கு, திரும்பு விளக்கு, நிறுத்த விளக்கு ஆகிய அனைத்தும் கட்டாயமாகும். மாணவர் கட்டும் ஊர்தி விளையாட்டுப் பொருளா, சாலையில் பிறரோடு சேர்ந்து ஓடும் உரிமையுடைய ஊர்தியா என்பதைப் பிரித்துக் காட்டுபவை இவ்விளக்குகளே.

இரண்டு புள்ளிகள்

இரவில் ஓட்டுநர் எவ்வளவு தொலைவு காணவேண்டும்? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி, நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஓர் ஆடு வருவதைக் கண்டு, உணர்ந்து, கால் தடையை மிதிப்பதற்குள் ஒன்றரை நொடி கழிகிறது. அதற்குள் ஊர்தி 25 மீட்டர் சென்றுவிடுகிறது. தடை பிடித்து நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆகவே, 45 மீட்டருக்கு அப்பாலேயே அந்த ஆடு கண்ணில் பட்டிருக்கவேண்டும். வேகம் 80 கி.மீ. ஆயின் இத்தொலைவு 70 மீட்டரை எட்டுகிறது. இவை உலர்ந்த சாலைக்குரிய அளவுகள். மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

ஒளியை வாரி இறைத்தால் இத்தொலைவு எளிதில் கிட்டும். ஆனால், சாலை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இருட்டில் நம் கண்பாவை அகல விரிந்திருக்கும். அந்நிலையில் வலிய ஒளி கண்ணுக்குள் புகும்போது, அது விழித்திரையில் ஒரு புள்ளியாக விழுவதோடு அமைவதில்லை. கண்ணின் உட்பகுதியெங்கும் சிதறி, பார்வையின்மீது வெண்திரைபோல் படர்கிறது. அத்திரைக்குப் பின்னே சாலையோரம் நடந்து செல்பவர் மறைந்துபோகிறார். அகவை ஏற ஏற விழிவில்லையின் தெளிவு குறைவதால் இச்சிதறல் மிகுகிறது. இளையோர் பொறுத்துக்கொள்ளும் கூச்சத்தை முதியவரால் பொறுத்துக்கொள்ள இயலாமைக்குக் காரணம் இதுவே.

எனவேதான் முகப்பு விளக்குக்கு உயர்கற்றை, தாழ்கற்றை என இருநிலைகள் அமைந்தன. ஓட்டுநர்கள் 'பிரைட்', 'டிம்' என வழங்குவன இவை. தாழ்கற்றை என்பது ஒளி குறைந்த விளக்கு என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. அது ஒளி குறைந்ததன்று, வரம்பு வகுக்கப்பட்டது. வயலில் நீர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவும், அண்டை வயலுக்குள் பாயாதிருக்கவும் வரப்பு எடுக்கிறோம் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

அவ்வரம்பு எத்துணை நுட்பமானது என்பதை, ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த விதிகளால் அறியலாம். விளக்கிலிருந்து 25 மீட்டர் தொலைவில் ஒரு திரையை நிறுத்துகின்றனர். திரையில் பல புள்ளிகள் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்குக் காண்போம். முதற்புள்ளி, 50 மீட்டருக்கு அப்பால் எதிரே வரும் ஓட்டுநரின் கண். திரையில் அது விளக்கின் மட்டத்திற்கு 25 செ.மீ. மேலே, ஒன்றரை மீட்டர் இடப்புறம் அமைகிறது. இரண்டாம் புள்ளி, 75 மீட்டர் தொலைவில் சாலையின் வலப்பகுதி. அது மட்டத்திற்கு 25 செ.மீ. கீழே, அரை மீட்டர் வலப்புறம் அமைகிறது. வாகனங்கள் வலப்புறமாகச் செல்லும் நாடுகளுக்கு உரிய கணக்கு இது.

முதற்புள்ளியில் விழலாகும் மிகுதியான ஒளியைவிட, இரண்டாம் புள்ளியில் விழவேண்டிய குறைந்த ஒளி ஏறத்தாழ முப்பது மடங்கு. இரண்டுக்கும் இடையே உயரத்தில் உள்ள வேறுபாடு அரை மீட்டர். விளக்கின் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு பாகையைச் சற்றே தாண்டியது. அந்த ஒரு பாகைக்குள் வெளிச்சம் இருளாக மாறவேண்டும். மாணவர்கள் விளக்கு வேலையைத் தொடங்கும்போது வாட்டையும் வோல்ட்டையுமே எண்ணிப் பார்ப்பது இயல்பு. உண்மையான வேலை இந்த ஒரு பாகையில்தான் இருக்கிறது.

வலமும் இடமும்

தாழ்கற்றையை ஒரு மதிலின்மீது படரவிட்டுப் பார்த்தால், அதன் மேல்விளிம்பு ஒரே நேர்கோடாக இராது. எதிர்வருவோர் பக்கம் படுகிடையாகவும், சாலையோரத்தின் பக்கம் 15 பாகை சாய்வில் மேலேறியும் காணப்படும். நடந்து செல்பவரும், பெயர்ப்பலகையும், சாலை வளைவும் உள்ள ஓரப்பகுதிக்குச் சற்றுக் கூடுதலாக ஒளி செல்லவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்றம்.

இதனால் ஓர் இடர்ப்பாடும் உண்டு. நெதர்லாந்தில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் இடப்புறம் செல்கின்றன. ஒரு நாட்டில் சாலையோரத்தை நோக்கி உயரும் ஒளி, மற்றொரு நாட்டில் எதிர்வருவோரின் முகத்தை நோக்கி உயரும். இங்கிலாந்திலிருந்து பிரான்சு நாட்டிற்கு மகிழுந்தில் செல்வோர், விளக்கின்மீது ஒளியைத் திருப்பும் ஒட்டிகளைப் பொருத்திக்கொள்வதும் இதனால்தான். ஒரு கண்டத்தில் கட்டப்பட்டு மறு கண்டத்தில் ஓடப்போகும் மாணவர் ஊர்திக்கு இது சிறிய செய்தியன்று. எந்த நாட்டுச் சாலைக்கு விளக்கு அமைக்கிறோம் என்பதை முதல் வரைபடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

தெரியுமா?

ஸ்வீடன் நாட்டில் 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில், இடப்புறப் போக்குவரத்து வலப்புறத்திற்கு மாற்றப்பட்டது. சாலைக் குறிகளையும் பேருந்து வாயில்களையும் மாற்றியதோடு, ஊர்திகளின் முகப்பு விளக்குகளையும் புதிய முறைக்கு ஏற்ப மாற்றவேண்டியிருந்தது.

பரவளையமும் நீள்வட்டமும்

பரவளைய வடிவ எதிரொளிப்பானின் குவியத்தில் ஒளிப்புள்ளி ஒன்றை வைத்தால், எதிரொளித்து வரும் கதிர்கள் யாவும் இணையாகச் செல்லும் என்பது கணிதம். பழைய முகப்பு விளக்குகள் பலவும் இவ்வுண்மையின்மீது எழுந்தவை. ஆயினும், உலகில் ஒளிப்புள்ளி என ஒன்றில்லை. மின்னிழைக்கு நீளமுண்டு; ஒளியுமிழ் டயோடின் சில்லுக்குப் பரப்புண்டு. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சில்லை, 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய வில்லையின் பின்னே வைத்தால், 25 மீட்டருக்கு அப்பால் அதன் உருவம் அரை மீட்டராகப் பெருகும். வில்லையின் குவியத் தொலைவை 25 மில்லிமீட்டராகக் குறைத்தால், உருவம் ஒரு மீட்டராகப் பரந்துவிடும். அதாவது, விளக்கு சிறுக்கச் சிறுக்க ஒளியைக் கட்டுக்குள் வைப்பது அரிதாகும்.

மாணவர் அணிக்குள் கருத்து மாறுபாடு பிறக்கும் இடம் இதுவே. காற்றோட்டத்தைக் கணக்கிடுபவருக்கு ஊர்தியின் மூக்கு ஒடுங்கியிருக்கவேண்டும்; அவர் விளக்குக்கு ஒதுக்குவது உள்ளங்கையளவு இடம். விளக்கை வடிவமைப்பவருக்கோ பெரிய வில்லை வேண்டும். எடையைக் கணக்கிடுபவர் இருவரையும் கடிந்துகொள்வார். ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதாக இவ்வழக்கு முடிவதில்லை. தாழ்கற்றைக்கு ஒன்றும் உயர்கற்றைக்கு ஒன்றுமாகச் சிறு அலகுகளை அடுத்தடுத்து வைப்பது, அலகைச் சற்று உள்ளே தள்ளி ஆழத்தில் அமைப்பது எனப் பல வழிகளை வரைந்து பார்க்கவேண்டியுள்ளது.

வரம்பைக் கூர்மையாக வகுக்கும் வழி நீள்வட்டத்தில் உள்ளது. நீள்வட்டத்திற்கு இரண்டு குவியங்கள். முதற்குவியத்தில் புறப்படும் ஒளி, வளைபரப்பில் பட்டு, இரண்டாம் குவியத்தில் வந்து கூடும். அவ்விடத்தில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றை நிறுத்துகின்றனர். தகட்டின் மேல்விளிம்பைத் தாண்டிய ஒளி மட்டும் முன்னேயுள்ள குவிவில்லையை அடைகிறது. வில்லை அதனைத் தலைகீழாக்கிச் சாலையில் வீழ்த்துகிறது. கீழே நிற்கும் தகடு, மேலே செல்லவேண்டிய ஒளியை மறைத்துவிடுகிறது. மதிலின்மீது கத்தியால் வெட்டியதுபோல் தெரியும் அக்கோடு வேறொன்றுமன்று. அத்தகட்டு விளிம்பின் உருவமேயாகும். 15 பாகை ஏற்றமும் தகட்டை அவ்வாறு வெட்டியதால் வருவது.

அத்தகடு அதிர்வினால் அரை மில்லிமீட்டர் கீழிறங்கினால் என்ன ஆகும்? ஐந்து தாள்களை அடுக்கிய தடிமன் அது. ஆனால், 50 மில்லிமீட்டர் வில்லையின் வழியே 25 மீட்டர் தொலைவில் அது 25 செ.மீ. ஏற்றமாக மாறும். கற்றை தாழ்ந்து செல்வதற்கென விட்ட இடைவெளி முழுவதும் அத்துடன் தீர்ந்துவிடும். தகட்டை வெறும் பசையால் ஒட்டிவிட்டு அமையலாகாது என்பது இதனால் புலப்படும்.

நம் ஊர்ச் சாலைகளில், முகப்பு விளக்குக் கண்ணாடியின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டிய ஊர்திகளைக் கண்டிருப்போம். கூச்சத்தைக் குறைக்கும் நல்லெண்ணத்தில் எழுந்த வழக்கம் அது. எனினும், தகடு செய்யும் வேலையைப் பொட்டு செய்யாது. தகடு குவியத்தில் நிற்பதால் அதன் விளிம்பு சாலையில் உருவமாக விழுகிறது. பொட்டு குவியத்திற்கு வெளியே, கண்ணாடியின்மேல் நிற்பதால், அதற்கு உருவம் இல்லை. எதிரொளிப்பானின் ஒவ்வொரு பகுதியும் சாலையின் பல இடங்களுக்கு ஒளி அனுப்புவதால், பொட்டு ஒட்டிய விளக்கு எல்லாப் பக்கமும் சற்று மங்குகிறதே தவிர, எதிர்வருவோர் கண்ணுக்கென இருள் எதுவும் வகுக்கப்படுவதில்லை.

ஒளியுமிழ் டயோடும் அதன் வெம்மையும்

முதல் மகிழுந்துகளில் கார்பைடு விளக்குகள் எரிந்தன. நீர் சொட்டச் சொட்ட எழும் அசிட்டிலின் வளி அவற்றின் எரிபொருள். பின்னர் மின்னிழை விளக்கும், 1960களில் ஹாலோஜன் விளக்கும், 1990களில் செனான் விளக்கும் வந்தன. தாழ்கற்றைக்கு ஒளியுமிழ் டயோடுகளைக் கொண்ட மகிழுந்து 2007ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. நீல ஒளி உமிழும் டயோடைக் கண்டுபிடித்தமைக்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நாம் காணும் வெண்ணிற டயோடு, நீல டயோடின்மீது மஞ்சள் ஒளி தரும் பூச்சு இட்டதேயாகும்.

சூரிய ஊர்தி கட்டும் மாணவர்கள் டயோடையே நாடுவதற்குக் காரணம் எளிது. ஒரு ஹாலோஜன் விளக்கு தாழ்கற்றைக்கு 55 வாட் மின்திறன் கொள்கிறது. இணைவிளக்குகள் இரண்டும் 110 வாட். ஆறு சதுர மீட்டர் சூரியத் தகடு உச்சி வெயிலில் தருவதே ஆயிரத்து முந்நூறு வாட்டை ஒட்டியது. வெயிலே இல்லாத இரவில், பகலெல்லாம் சேமித்ததிலிருந்து பத்தில் ஒரு பங்கை விளக்குக்கு ஈவது யாருக்கும் உவப்பாகாது. டயோடோ 15 முதல் 20 வாட்டில் அதே அளவு வெளிச்சம் தரும்.

ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. மின்னிழை விளக்கின் வெப்பத்தில் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராக முன்னோக்கிச் சென்றுவிடும். பனி பொழியும் நாடுகளில் விளக்குக் கண்ணாடியின்மேல் படிந்த பனியை உருக்குவது அந்த வெப்பமே. டயோடின் வெப்பம் முன்னே செல்லாது. சில்லின் பின்புறமாகத் தேங்கும். கொள்ளும் மின்னாற்றலில் பாதிக்கு மேல் இவ்வாறு வெப்பமாகிறது. அதனை வெளியேற்றாவிடில் ஒளி மங்கும். நாளடைவில் சில்லே பழுதாகும். ஆகவே, டயோடின் பின்னே செதில் செதிலாக வெட்டிய அலுமினியக் கட்டி ஒன்று பொருத்தப்படுகிறது. சில்லுக்கும் அலுமினியத்திற்கும் இடையே காற்றிடைவெளி தோன்றாதிருக்க, வெப்பம் கடத்தும் களிம்பு பூசப்படுகிறது. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது குளிர்ச்சியாகத் தோன்றும் விளக்கு, மூடிய கூட்டுக்குள் ஒரு மணிநேரம் எரிந்தபின் எவ்வாறு இருக்கிறது என்பதே உண்மையான சோதனை.

மின்னோட்டத்திலும் டயோடு பிடிவாதமுடையது. மின்னழுத்தம் சிறிதே ஏறினாலும் அதன் வழியே செல்லும் மின்னோட்டம் பன்மடங்காகும். எனவே, மின்னோட்டத்தை மாறாமல் நிறுத்தும் சுற்று ஒன்று இடையே தேவை. இடவிளக்குக்கும் வலவிளக்குக்கும் தனித்தனி உருகியிழை வைப்பது நன்று. ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் எரியும். நள்ளிரவு நெடுஞ்சாலையில் இரண்டும் ஒருசேர அணைவது உயிருக்கே இடராகும்.

வாங்குவதா, செய்வதா?

விளக்கின் எல்லாப் பகுதிகளையும் தாமே செய்யவேண்டும் என்னும் ஆவல் மாணவர்க்கு இயல்பு. எனினும், வில்லையும் தகடும் எதிரொளிப்பானும் அடங்கிய ஒளியலகை, ஒப்புதல் முத்திரை பெற்றதாக வாங்கிக்கொண்டு, மற்றவற்றைத் தாம் அமைப்பதே அறிவுடைமை. இதனால் அவர்கள் உழைப்புக் குறைந்துவிடாது. அலகைத் தாங்கும் சட்டம், வெப்பம் வெளியேறும் வழி, மின்சுற்று, கூடு, ஊர்தியின் வளைவோடு இழைந்து செல்லும் ஒளிபுகும் மூடி என வேலை மலைபோல் இருக்கிறது. கூட்டின் முதல் வடிவை முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்து, ஊர்தியில் வைத்துப் பார்த்து, பொருந்தாத இடத்தைத் திருத்தி, மீண்டும் வார்ப்பர்.

மூடிக்குப் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் நெகிழி பயன்படுகிறது. கல் பட்டாலும் எளிதில் உடையாது; ஆனால் எளிதில் கீறல் விழும், புறஊதாக் கதிரால் மஞ்சளாகும். பழைய மகிழுந்துகளின் விளக்குகள் பழுப்பேறிக் கிடப்பது இதனாலேயே. ஆகவே, காப்புப் பூச்சு இல்லாத பாலிகார்பனேட் வெறும் சில ஆண்டு அழகே. நேராக விழும் ஒளியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இம்மூடி எதிரொளித்து இழக்கச் செய்கிறது. காற்றைக் கிழிக்கவென மூடியை மிகச் சாய்த்து அமைத்தால் இழப்பு இன்னும் ஏறும். மூடியின் தடிமன் இடத்துக்கிடம் மாறுபட்டால், அது பட்டகம்போல் செயற்பட்டு, அரும்பாடுபட்டு வகுத்த வரம்பை வளைத்துவிடும்.

கூட்டை முற்றிலும் அடைத்துவிடுவதும் தவறு. பகலில் சூடேறி விரியும் உட்காற்று, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது எங்கேனும் ஒரு நுண்ணிடுக்கு வழியாக ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் மூடியின் உட்புறம் பனித்துளியாகப் படியும். துளிகள் ஒளியைச் சிதறடிக்கும், வரம்பு அழியும். எனவே, நீரைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சவ்வு ஒன்றைக் கூட்டின் அடியில் வைக்கின்றனர்.

மதிலில் ஒரு கோடு

இறுதிப் பணி, இருட்டில் ஒரு மதிலின் எதிரே நிகழ்வது. தரை சமமாக இருக்கவேண்டும். சக்கரங்களில் காற்று சரியாக இருக்கவேண்டும். மதிலிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஊர்தியை நிறுத்துகின்றனர். விளக்கின் உயரத்தை அளந்து, மதிலில் அதே உயரத்தில் ஒரு நாடாவை ஒட்டுகின்றனர். அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொன்று. கற்றையின் மேல்விளிம்பு கீழ்நாடாவின்மீது படிய, விளக்கின் பின்னுள்ள திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்புகின்றனர். பத்து மீட்டருக்குப் பத்து செ.மீ. என்பது நூற்றுக்கு ஒன்று தாழ்வு. விளக்கு 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், கற்றையின் விளிம்பு 65 மீட்டருக்கு அப்பால் சாலையைத் தொடும். முன்னே கண்ட 45 மீட்டர்க் கணக்குக்கு இது போதும், 80 கி.மீ. வேகத்திற்குப் போதாது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

கோடு சரியாக அமைந்ததும் பணி முடிந்தது என்று தோன்றும். அப்போது ஊர்தியில் நால்வரை ஏறி அமரச் செய்து பார்க்கவேண்டும். கடையில் வாங்கும் மகிழுந்தின் எடை ஆயிரம் கிலோவிற்கு மேல். அதில் நால்வர் ஏறினால் எடை கால்பங்கு கூடும். மாணவர் கட்டிய ஊர்தியோ நால்வரின் எடைக்கு ஏறத்தாழ இணையானது. அமர்ந்தவரின் சுமையால் பின்பக்கம் அழுந்துகிறது, மூக்கு நிமிர்கிறது. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைவெளி இரண்டரை மீட்டர் என்று கொண்டால், பின்பக்கம் இரண்டரை செ.மீ. தாழ்ந்தாலே நூற்றுக்கு ஒன்று சாய்வு மாறிவிடும். மதிலில் கற்றையின் விளிம்பு கீழ்நாடாவை விட்டு மேல்நாடாவின்மீது ஏறி நிற்கும். அதன் பொருள், ஒளி இனிச் சாலையை நோக்கித் தாழ்வதேயில்லை; எதிரே வரும் ஊர்தியின் முகப்பில், எவ்வளவு தொலைவானாலும், நேரே சென்று படும்.

நால்வர் இருக்கும்போதே திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தால் என்ன? அவர்கள் இறங்கியதும் மூக்குத் தாழும். கற்றை நூற்றுக்கு இரண்டு தாழ்ந்து, 33 மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். தனியே செல்லும் ஓட்டுநர், தான் நிற்கத் தேவையான தொலைவைக்கூடக் காணாமல் ஓட்டுவார். ஆகவே, ஒரே நிலையில் இறுக்கிய விளக்கு இவ்வூர்திக்கு உதவாது. அலகின் பின்னே சிறு மின்பொறி ஒன்றைப் பொருத்தி, ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் 0, 1, 2, 3 எனக் குறியிட்ட குமிழ் ஒன்றை வைக்கின்றனர். ஏறியவர் எத்தனை பேர் என்பதற்கேற்ப ஓட்டுநர் அதைத் திருப்பிக்கொள்கிறார். நம் சாலைகளில் ஓடும் மகிழுந்துகள் பலவற்றிலும் இதே குமிழ் இருக்கிறது. அது எதற்கென்று அறியாமல், வாங்கிய நாள்முதல் தொடாமலேயே ஓட்டுவோர் பலர். மாணவர்கள் ஒவ்வொரு குறிக்கும் ஒருவர், இருவர், நால்வர் என ஏற்றி இறக்கி, மதிலில் விளிம்பு எங்கு நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, குமிழின் நான்கு நிலைகளையும் ஒவ்வொன்றாக நிலைநிறுத்துகின்றனர்.

கற்பவை கற்றபின்...

1. இருண்ட அறையில் கைவிளக்கு ஒன்றின் ஒளியைச் சுவரில் வீழ்த்துக. விளக்கின் கண்ணாடியை ஒட்டி ஓர் அட்டையைப் பாதியளவு மறைத்துப் பிடித்தும், சுவரை ஒட்டி அதே அட்டையைப் பிடித்தும், நிழலின் விளிம்பு மாறுபடுவதைக் குறித்து எழுதுக.

2. உங்கள் வீட்டில் அல்லது அண்டையில் உள்ள இருசக்கர ஊர்தியின் தாழ்கற்றை மதிலில் எங்கு விழுகிறது என்பதை, பின்னே ஒருவர் அமர்ந்தும் அமராமலும் அளந்து ஒப்பிடுக.

3. பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம் இரவுப் பயணத்தில் எதிர்விளக்கின் கூச்சத்தை அவர் எவ்வாறு சமாளிக்கிறார் எனக் கேட்டறிந்து, நேர்காணல் வடிவில் வகுப்பறையில் வழங்குக.